ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு: வன்கொடுமை வழக்குகள் – வாசகர் கேள்வி பதில்

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தண்டிக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, காவல் நிலைய வாசலிலேயே நின்றுவிட்ட கதைகள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம்.

கோயில் திருவிழாவில் என் தம்பியைச் சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள். அன்று இரவே புகார் கொடுத்தோம். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, ‘விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம்’ என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ரசீது இருப்பதால் வழக்குப் பதிவாகிவிட்டது என்றுதானே பொருள்?
– விழுப்புரம் மாவட்ட வாசகர்

இல்லை. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த ரசீது சாட்சி. அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, அரசு தரும் தீருதவித் தொகை கேட்க முடியாது, நீதிமன்றத்துக்கும் எதுவும் போகாது. முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவானால்தான் வழக்கு. அதில் குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவுகள் இருக்கும், நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். கையில் இருக்கும் தாளில் குற்ற எண் இல்லையென்றால் உங்களுக்கு இன்னும் வழக்கு இல்லை.

‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் முதற்கட்ட விசாரணையைப் புகுத்தியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைது செய்ய யாருடைய முன் ஒப்புதலும் தேவையில்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது சில நிலையங்களில் புதிய சாக்கு ஒன்று கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3), மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணையை அனுமதிக்கிறதே என்பார்கள். அது பொதுச் சட்டம். வன்கொடுமைச் சட்டம் சிறப்புச் சட்டம். அதன் 20ஆம் பிரிவு மற்ற சட்டங்களை மேவும். 18ஏ-யைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், வாயால் வாதாடாதீர்கள்.

அடுத்து செய்ய வேண்டியது இது. புகாரின் சாரத்தையும் சி.எஸ்.ஆர். நகலையும் இணைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வன்கொடுமைச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 5(3) இதற்குத்தான் இருக்கிறது. ஆட்சியர் அலுவலக மனுநீதி நாளில் மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்; அந்த மனு சுற்றி வளைத்து அதே நிலையத்துக்குத்தான் போகும். எஸ்.பி. அலுவலகமும் அசையவில்லை என்றால், உறுதிமொழிப் பத்திரத்துடன் நீதிமன்றத்தில் மனு போடலாம். வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்துக்கு, இச்சட்டக் குற்றங்களை நேரடியாக ஏற்கும் அதிகாரத்தை 14ஆம் பிரிவு தருகிறது. தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் இல்லாமல் அங்கே போனால், ‘முதலில் எஸ்.பி.யிடம் போனீர்களா’ என்ற கேள்வியிலேயே மனு நின்றுவிடும்.

இன்னொன்று. புகார் வாங்கும் அதிகாரி வேண்டுமென்றே கடமை தவறினால், அவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இல்லாத பட்சத்தில், 4ஆம் பிரிவின்கீழ் அவருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. வாய்மொழிப் புகாரைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, நகல் தருவது, சரியான பிரிவில் பதிவது எல்லாம் அந்தக் கடமைப் பட்டியலில் வருகின்றன. மனுவின் பின்புறம் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால், பிறகு வரும் எந்த வக்கீலும் தலையில் கைவைப்பார். அவசர உதவிக்கு 14566 என்ற தேசிய எண் இருக்கிறது. அதில் பதிந்தால் வரும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.

‘சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்’ என்று புகாரில் எழுதியிருந்தோம். வழக்கு உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது. ‘பொதுமக்கள் பார்வை’ இல்லையாம். இது என்ன கணக்கு?
– தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

இந்தச் சட்டத்தில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்ற இரு பிரிவுகளும் இழிவுபடுத்துவதையும் சாதி சொல்லித் திட்டுவதையும் தண்டிக்கின்றன. ஆனால் இரண்டிலும் ‘பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில்’ என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொது இடமாக இருக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். தனியார் வீட்டு முற்றமாக இருந்தாலும், சாலையில் போகிறவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டினால் போதும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது திட்டினால் இந்தப் பிரிவு நிற்காது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் பக்கத்து உதாரணம் 2025 ஜனவரியில் வந்தது. திருச்சி மாவட்ட வருவாய்த் துறை ஊழியர் ஒருவரை அவருடைய அலுவலக அறைக்குள் சாதி சொல்லித் திட்டியதாக வழக்கு. சக ஊழியர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள் என்று புகாரிலேயே இருந்தது. அந்த ஒரு காரணத்தால் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

ஆகவே புகாரில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். எங்கே நின்றார்கள்: ‘ஊரில் வைத்து’ என்றால் போதாது, ‘பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ரேஷன் கடை வாசலில்’ என்று எழுதுங்கள். யார் பார்த்தார்கள்: உறவினர்கள் மட்டுமே சாட்சியாக இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர், பேருந்துக்கு நின்றவர், அடுத்த தெருக்காரர் என்று உறவல்லாத ஒருவர் பெயராவது வேண்டும். என்ன வார்த்தை: அச்சில் ஏற்ற முடியாததாக இருந்தாலும் சொன்னபடியே எழுதுங்கள். கூச்சப்பட்டு ‘தகாத வார்த்தை’ என்று எழுதினால் பிரிவின் உயிர் போய்விடும். எப்படித் தெரியும்: எங்கள் குடும்பத்தை அவருக்கு இத்தனை வருடமாகத் தெரியும், எங்கள் சாதியும் தெரியும் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நம் குடும்பத்தை அறிந்தவர் என்று நிரூபித்தால், சாதியும் தெரிந்தே செய்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 8(சி). அறியவில்லை என்று நிரூபிக்கும் சுமை எதிரிக்குப் போய்விடும். கொலை, கொலை முயற்சி போன்ற பெரிய குற்றங்களுக்கான 3(2)(வி) பிரிவிலும் 2016 ஜனவரி 26க்குப் பிறகு ‘தலித் என்பதற்காகவே’ என்று நிரூபிக்கத் தேவையில்லை. தலித் என்று தெரிந்து செய்தார் என்பதே போதும்.

தொலைபேசியில் தனியாகத் திட்டியது 3(1)(எஸ்)-இல் நிற்பது கடினம். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி பேசியது வேறு. யூடியூப் பேட்டி ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்குட்பட்டதாகவே கேரள உயர் நீதிமன்றம் 2022இல் எடுத்துக்கொண்டது.

அடிபட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை, பிறகு நிலையம். அங்கே விபத்துப் பதிவேட்டில் டாக்டர் கேட்டு எழுதும் ஒரு வரி, பல வழக்குகளின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. ‘தெரிந்த மூன்று பேர் கட்டையால் அடித்தார்கள்’ என்று அங்கே பதிவாகி, புகாரில் ஏழு பேர் கம்பியால் அடித்ததாக வந்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுதான். வலியோடு இருப்பவர் சொல்வதைவிட, கூட வந்தவர் பதற்றத்தில் சொல்வதால்தான் இந்த முரண் வருகிறது. எத்தனை பேர், என்ன ஆயுதம், எத்தனை மணிக்கு என்பதை அடிபட்டவரே சொல்லட்டும். புகார் கொடுக்கத் தாமதமானால் காரணத்தையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

எங்கள் ஊர் டீக்கடையில் இப்போது இரட்டைக் குவளை இல்லை. எங்களுக்குப் பேப்பர் கப், அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். கேட்டால் ‘சுகாதாரம்’ என்கிறார். இது குற்றமா?
– மதுரை மாவட்ட வாசகர்

ஆளைப் பார்த்துக் குவளை மாறினால் குற்றம்தான். பொதுவான இடத்தில் பொதுப் பயன்பாட்டுப் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 3(1)(ஜெட்ஏ) பிரிவில் நேரடியாக இருக்கிறது. முடிவெட்ட மறுக்கும் கடை, மருத்துவமனை, பள்ளி, சுடுகாட்டுப் பாதை, செருப்புப் போட்டு நடப்பது, சைக்கிளில் போவது, திருமண ஊர்வலம் எல்லாம் அதே பிரிவுக்குள் வருகின்றன. நிரூபிப்பதில்தான் சிக்கல். கடைக்காரர் எல்லோருக்கும் பேப்பர் கப் என்று சாதிப்பார். ஒரே நேரத்தில் இரு தரப்பினரும் கடையில் இருக்கும்போது எடுத்த தொடர்ச்சியான காட்சி வேண்டும், வெட்டி ஒட்டாமல். எடுத்த செல்போனை விற்காமல், அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுச் சாட்சிக்கு மூலக் கருவியும் அதற்கான சான்றிதழும் கேட்பார்கள். வீடியோவை முதலில் வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டால் மறுநாளே கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப் ஆகிவிடும். முதலில் புகார், பிறகு பகிர்வு.

நாங்கள் புகார் கொடுத்த மறுநாளே எதிர்த்தரப்பில் ஒரு பெண்ணை வைத்து எங்கள் பையன்கள்மீது புகார் கொடுத்து, அதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். ‘இரண்டையும் ராஜி பண்ணிக்கலாம்’ என்கிறார் இன்ஸ்பெக்டர்.
– திருநெல்வேலி மாவட்ட வாசகர்

கவுண்டர் கேஸ், அதாவது எதிர் வழக்கு என்பது ஒரு பழைய உத்தி. உங்கள் வழக்கை உடைப்பதைவிட, உங்கள் பையன்களைத் தலைமறைவாக வைத்திருப்பதே அதன் நோக்கம். சாட்சி சொல்ல வேண்டியவன் ஓடிக்கொண்டிருந்தால் விசாரணை எப்படி நடக்கும்?

முதலில் பையன்களுக்கு முன்ஜாமீன். வன்கொடுமை வழக்கின் எதிரிகளுக்கு 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. உங்கள் பையன்கள் மீதுள்ளது பொது வழக்கு என்பதால் அவர்களுக்குத் தடையில்லை. இரண்டாவது, விசாரணை அதிகாரி. வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது விதி 7. எதிர் வழக்கை இன்ஸ்பெக்டரே வைத்துக்கொள்வார். ஒரே சம்பவத்துக்கு இரண்டு பேர் இரண்டு கதை எழுதினால் இரண்டுமே கெடும். தமிழ்நாடு காவல் நிலையாணை 588-ஏ, வழக்கும் எதிர் வழக்கும் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஆராய்ந்து, யார் தாக்கியவர் என்று முடிவு செய்யச் சொல்கிறது. அதைக் காட்டி இரண்டையும் டி.எஸ்.பி.யிடமே ஒப்படைக்கும்படி எஸ்.பி.க்கு எழுதுங்கள். விசாரணையை டி.எஸ்.பி.தான் நடத்துகிறாரா, அவர் பெயரில் எஸ்.ஐ. நடத்துகிறாரா என்பதையும் கவனியுங்கள். தகுதிக்குறைவான அதிகாரி விசாரித்ததாலேயே வன்கொடுமைப் பிரிவுகள் கழன்று போன வழக்குகள் உண்டு.

ராஜி விஷயம். இந்தச் சட்டத்தின் குற்றங்களை நிலையத்தில் சமரசம் பேசி முடிக்கவே முடியாது. வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான். அதிலும் சமரசம் வற்புறுத்தலால் வந்ததா என்று மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘ஊர் ஒற்றுமை’ பேச ஊர்ப் பெரியவர்கள் வந்தால் பேசட்டும். தாளில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

நான் தலித் அல்லன். இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது, அதனால்தான் இத்தனை வழக்குகள் விடுதலையில் முடிகின்றன என்கிறார்களே?
– கோவை வாசகர்

விடுதலை என்றால் பொய் வழக்கு என்று பொருளல்ல. எதிரியின் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வராமல் குற்றப்பத்திரிகை தாமதமாகும். விதிப்படி 60 நாளில் போட வேண்டியது மாதக் கணக்கில் தள்ளிப்போகும். சாட்சி அதே நிலக்கிழாரிடம் கூலிக்குப் போகிறவராக இருப்பார். மூன்று வருடம் கழித்துக் கூண்டில் ஏறி, ‘இருட்டாக இருந்தது, தெரியவில்லை’ என்பார். அவரைப் பிறழ்சாட்சி என்று எழுதிவிட்டு நீதிமன்றம் அடுத்த வழக்குக்குப் போகும். 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கட்டளைகளை 2019 அக்டோபர் 1 அன்று திரும்பப் பெற்றபோது, பட்டியல் சாதியினர் ஒரு வகுப்பாகவே பொய்ப் புகார் கொடுப்பவர்கள் என்று அனுமானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. சொத்துத் தகராறு வழக்குகளிலும் விடுதலை ஏராளம். அங்கே யாரும் சட்டத்தையே எடுத்துவிடு என்று கேட்பதில்லை.

வழக்குப் பதிவாகிவிட்டது. அரசு உதவித் தொகை எப்போது, எவ்வளவு, யாரிடம் கேட்பது?
– புதுக்கோட்டை மாவட்ட வாசகர்

தீருதவி என்று சட்டப் பேச்சில் சொல்கிறோம். வழக்கு முடிந்த பிறகு தரும் பரிசல்ல அது, கட்டம் கட்டமாகத் தர வேண்டிய தொகை. சாதி சொல்லித் திட்டியது போன்ற குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். நிலையில் 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, கீழ் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்ததும் மீதி 25. கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகைக்குப் பிறகு பாதி. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு அட்டவணையில் தொகை 85,000 ரூபாயில் தொடங்கி 8,25,000 வரை. தமிழ்நாட்டில் 2021இல் இதை 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை உயர்த்தினார்கள். உடனடி உதவி ஏழு நாளுக்குள் தரப்பட வேண்டும் என்கிறது விதி 12(4).

எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம், ஆதார், காயம் இருந்தால் காயச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரைப் பாருங்கள். எஸ்.பி. அலுவலகப் பரிந்துரை அங்கே போனால்தான் கோப்பு நகரும் என்பதால், ‘போலீஸிலிருந்து வரவில்லை’, ‘கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டோம்’ என்று பந்து இரண்டு பக்கமும் ஓடும். பரிந்துரைக் கடிதத்தின் எண்ணும் தேதியும் கேட்டு வாங்கினால் பாதி ஓட்டம் மிச்சம். தொகையைத் தீர்மானிப்பது எஃப்.ஐ.ஆரில் உள்ள பிரிவு. நிலத்திலிருந்து விரட்டியதையும் சேர்த்துப் புகார் கொடுத்திருந்தும், திட்டியதற்கான பிரிவு மட்டும் போட்டிருந்தால், பிரிவு மாற்ற அறிக்கை தாக்கல் செய்யும்படி டி.எஸ்.பி.யிடம் மனு கொடுங்கள்.

கொலையில் இதோடு முடிவதில்லை. குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், ஒருவருக்கு வேலை, நிலம், வீடு, பட்டப்படிப்பு வரை பிள்ளைகளின் கல்விச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு, பாத்திரங்கள் எல்லாம் அதே அட்டவணையில் இருக்கின்றன. கேட்காத குடும்பத்தைத் தேடி இவை வருவதில்லை.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வர, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, அன்றைய கூலி இழப்புக்கான படி ஆகியவற்றை விதி 11 தருகிறது, மூன்று நாளுக்குள். கூலி போய்விடுமே என்று சாட்சி வராமல் போகும் ஊர்களில் இதைக் கேட்டு வாங்கினாலே வழக்கு தாக்குப்பிடிக்கும்.

எங்களுக்குத் தெரியாமலே எதிரிகள் ஜாமீனில் வந்துவிட்டார்கள்.
– கடலூர் மாவட்ட வாசகர்

15ஏ(3)-இன்படி, ஜாமீன் உட்பட எந்த நீதிமன்ற நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்பு உண்டு. 15ஏ(5)-இன்படி அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இது சம்பிரதாயமல்ல, கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறிவிப்பே தராமல் ஜாமீன் கொடுத்திருந்தால், 14ஏ-யின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். 90 நாள் கெடு. நடைமுறையில் போலீஸ்காரர் இரவில் போன் செய்து ‘நாளைக்கு கோர்ட்டுக்கு வாங்க’ என்பார், அதுவே முன்னறிவிப்பு என்று கணக்கு. எழுத்தில் கேளுங்கள். ஆட்சேபனை மனுவில் ‘ஜாமீன் தரக்கூடாது’ என்று மட்டும் எழுதாமல், எந்தத் தேதியில் யார் வீட்டு வாசலில் வந்து மிரட்டினார்கள் என்று எழுதுங்கள். அரசு வழக்கறிஞரிடம் நம்பிக்கை இல்லையென்றால், நீங்கள் விரும்பும் மூத்த வழக்கறிஞரை நியமிக்கும்படி ஆட்சியரிடம் கேட்க விதி 4(5) இடம் தருகிறது.

நாங்கள் கிறிஸ்தவப் பறையர். கல்லறையில் எங்களுக்குத் தனிச் சுவர். இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியுமா?
– திருச்சி மாவட்ட வாசகர்

வன்கொடுமைச் சட்டத்தில் முடியாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி நிலையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேரவில்லை. மதம் மாறினாலும் ஊர் மாற்றிக் கூப்பிடுவதில்லை என்பது சுவரைப் பார்க்கும் எவருக்கும் தெரியும். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது. உங்களுக்குத் திறந்திருக்கும் வழி 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், மக்கள் வாயில் பி.சி.ஆர். (வன்கொடுமை வழக்கையும் ஊரில் பி.சி.ஆர். கேஸ் என்றே சொல்வார்கள். புகாரில் இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.) தீண்டாமையின் பெயரால் தடுக்கப்பட்டவர் எந்த மதத்தவர் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. தண்டனை சிறியது, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை.

நான் பட்டியல் சாதி, அவள் வேறு சாதி. இருவரும் மேஜர். திருமணம் செய்யப் போகிறோம். அவள் வீட்டில் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து.
– சேலம் மாவட்ட வாசகர்

சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். உங்கள் நிலையில் அந்த அறிவிப்பே ஆபத்து. இருவரும் இந்துக்கள் என்றால், 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். புரோகிதரோ கூட்டமோ தேவையில்லை. வழக்கறிஞர்கள் நண்பர்களாக நின்று நடத்தினாலும் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் தெளிவாக்கியது. 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

திருமணத்துக்கு முன்பே செய்ய வேண்டியது: வயதுச் சான்று, கல்விச் சான்று, ஆதார் ஆகியவற்றின் மூலங்களை அவள் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வது. நகை, பணம் எதையும் எடுக்காதீர்கள். திருட்டு வழக்குக்கு அதுதான் வாய்ப்பு. திருமணமானவுடன் எஸ்.பி.யிடம் பாதுகாப்பு மனு. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது, பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் சொன்னது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ‘பெண்ணைக் காணவில்லை’ என்று வழக்கு வரும். நிலையத்துக்குத் தனியாகப் போகாமல், வக்கீலோடு நீதித்துறை நடுவர் முன் அவள் வாக்குமூலம் கொடுப்பதே நல்லது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. சில மாதம் கழித்து ‘நடந்தது நடந்துபோச்சு, வீட்டுக்கு வாங்க, விருந்து வைக்கிறோம்’ என்று அழைப்பு வரும். போகாதீர்கள். நிலையத்தில் வைத்து ‘பேசி முடிச்சு’ பெண்ணை வீட்டாருடன் அனுப்பும் வழக்கமும் உண்டு. மேஜரான பெண்ணை அவள் விருப்பமின்றி யாரோடும் அனுப்பும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லை.

தாத்தாவுக்குக் கொடுத்த டி.சி. நிலம் இப்போது வேறு சாதிக்காரர் பெயரில் பட்டாவாகிவிட்டது. திரும்பக் கிடைக்குமா?
– செங்கல்பட்டு மாவட்ட வாசகர்

உங்கள் மாவட்டத்தில்தான் இதன் வேர் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைத்தது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். வருவாய்க் கணக்கில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பு) நிபந்தனை நிலம். பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்கே விற்கலாம். மீறினால் அரசு எடுத்துக்கொள்ளும். 1994இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தது இந்த நிலத்துக்காகத்தான்.

இன்றைய பட்டாவில் டி.சி. என்ற குறிப்பைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. யு.டி.ஆர். கணக்குப் புதுப்பிப்பில் பல ஊர்களில் அது உதிர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய அ-பதிவேடும் (ஊரின் அடிப்படை நிலப் பதிவேடு) நிலவரித் திட்டப் பதிவேடும் வேண்டும். பழைய புல எண்ணைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘பஞ்சமி நிலமா?’ என்று கேட்டால் ‘பதிவேடுகளில் அவ்வாறு இல்லை’ என்று ஒரு வரி வரும். ‘இன்ன புல எண்ணுக்கான யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் சான்றிட்ட நகல்’ என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் மாவட்ட ஆவணக் காப்பறைக்குப் போங்கள். பிறகு வில்லங்கச் சான்று எடுத்து, நிலம் எந்தப் பத்திரத்தில் முதன்முதலாக வகுப்பு மாறியது என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பத்திரம்தான் நிபந்தனை மீறல். அதன் பிறகு எத்தனை கை மாறியிருந்தாலும், பட்டா மாறியிருந்தாலும் மீறல் நேராகிவிடாது. இவற்றோடு ஒப்படையை ரத்து செய்து நிலத்தை மீட்கும்படி கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் மனு.

ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். மீட்கப்பட்ட நிலம் முதலில் அரசுக்குத்தான் போகும். அங்கிருந்து நிலமற்ற பட்டியல் சாதியினருக்கு மறு ஒப்படை. விற்றவரின் வாரிசு என்ற உரிமையில் நீங்கள் கேட்க முடியாது. நிலமற்ற விண்ணப்பதாரர் என்ற முறையில், மீட்பு மனுவோடு சேர்த்து ஒப்படை மனுவையும் தனியாகக் கொடுத்து வையுங்கள். மிரட்டியோ ஏமாற்றியோ நிலத்தைப் பிடுங்கியிருந்தால் கதை வேறு. அது 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளில் குற்றம்; முதல் கேள்விக்குச் சொன்ன வழியில் எஃப்.ஐ.ஆர். கேட்கலாம்.